பையில் இருக்கட்டும், இடுப்பில் வேண்டாம்

"அண்ணா, இதைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு சுத்தினா போலீஸ் பிடிப்பாங்களா?"

பிரேசர் டவுனில் சாணைக்கடை நடத்தும் என்னிடம், கூலி எவ்வளவு என்பதற்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கிறவர் ஐ.டி. கம்பெனிக்காரராக இருப்பார், கையில் சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி. ஏ.சி. மெக்கானிக்காக இருப்பார், பெல்ட் உறையில் மல்டிடூல். காலேஜ் படிக்கும் பையனாகவும் இருப்பான். ஆன்லைனில் வரவழைத்த வளைந்த கத்தியை உறைகூடப் பிரிக்காமல் நீட்டுவான். இந்த மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட முடியாது. கத்தி எத்தனை அங்குலம் என்பது சட்டத்துக்கு ஒரு கேள்விதான். அது எதற்காகச் செய்யப்பட்டது, யார் கையில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். கல்லின் முன்னால் உட்கார்ந்து இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பேட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1898-ல் பிளேக் பெங்களூரை உலுக்கிய பிறகு, கன்டோன்மென்ட்டின் நெரிசலைக் குறைக்க எழுந்த குடியிருப்புகளில் ஒன்று இது. மைசூரில் ரெசிடென்ட்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரை வைத்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் இப்போது புலிகேசி நகர். ஆட்டோக்காரரிடம் இன்னும் பிரேசர் டவுன்தான். தமிழும் உருதுவும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும். கன்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்த வட ஆர்க்காட்டுத் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பெரியப்பா, காலால் மிதிக்கும் சாணைச் சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் என்று வீடு வீடாகப் போனவர். தொழில் அவரிடம் கற்றது. சக்கரம் போய் மோட்டார் வந்தது, தெரு போய்க் கடை வந்தது, வேலை அதேதான்.

டேனரி ரோட்டுக் கறிக்கடைக்காரர்களின் வெட்டுக்கத்தி, மாஸ்க் ரோட்டு பேக்கரிகளின் ரொட்டிக் கத்தி, தையல்காரர்களின் கத்தரிக்கோல், வீட்டு அரிவாள்மனை, கேட்டரிங் ஆட்களின் நீளக் கத்தி, பாக்கெட் கத்திகள் எல்லாம் என் மேஜைக்கு வரும். பக்ரீத்துக்கு முந்தின பத்து நாளும் தூக்கமே இருக்காது.

மேஜையில் முதல் பார்வை

கத்தி கைக்கு வந்ததும் நேராகக் கல்லில் வைக்க மாட்டேன். விரித்து, விளக்கு வெளிச்சத்தில் விளிம்பை மேலே பார்க்கும்படி பிடிப்பேன். மழுங்கிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கூர் உள்ள இடத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்து முதுகின் கனம். காய் நறுக்கும் கத்திக்கு முதுகு மெல்லிசு, எலும்பு வெட்டும் கத்திக்குத் தடிப்பு. அப்புறம்தான் சாய்வை முடிவு செய்வேன். பாக்கெட் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி போதும். வெட்டுக்கத்திக்கு 25-க்குக் குறைந்தால் எலும்பில் பட்டு விளிம்பு பல்லுப் பல்லாக உதிரும். 400-ஆம் நம்பர் கல்லில் ஒரு பக்கம் தேய்த்ததும் எதிர்ப்பக்கத்தில் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது, கட்டைவிரலைக் குறுக்கே மெல்ல ஓட்டினால் சொரசொரக்கும். அடுத்த பக்கம் தேய்த்து, 1000-ஆம் நம்பர் கல்லில் முடித்து, தோல்வாரில் பத்து இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். பிசிறு போகாத கத்தி முதல் நாள் தாளைக் கிழிக்கும், மூன்றாம் நாள் தக்காளியை நசுக்கும்.

இந்தப் பார்வையிலேயே கத்தியின் குணமும் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் கூரா, இரண்டு பக்கமுமா? முனை குத்துவதற்கு இறங்கியிருக்கிறதா, அறுப்பதற்கு வளைந்திருக்கிறதா? விரல் நகத்தால் இழுத்துத் திறப்பதா, பட்டன் தட்டினால் தானே பாய்வதா? திறந்தபின் லாக் விழுகிறதா? பெரியப்பா இவற்றை வைத்தே எந்த வேலையை எடுப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்வார். பின்னாளில் ஆயுதச் சட்டத்தை வாடிக்கையாளரான ஒரு வக்கீல் எனக்கு வரி வரியாக விளக்கினபோது, சட்டமும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறது என்று புரிந்தது.

சட்டத்தின் அளவுகோல்

ஆயுதச் சட்டம் 1959-ஆம் வருஷத்தது. 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 2-ஆம் பிரிவு, தாக்கவோ தற்காக்கவோ என்று வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த பொருளை ஆயுதம் என்கிறது. கூர்மையான விளிம்பு உள்ளவையும் அதில் அடக்கம். அடுத்த மூச்சிலேயே, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் என்று செய்த பொருள் ஆயுதம் ஆகாது என்கிறது. சாதாரணக் கைத்தடியையும் லத்தியையும் அதற்கு உதாரணமாகச் சொல்கிறது. 4-ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட வகை ஆயுதத்துக்கு உரிமம் வேண்டும் என்று அறிவிக்கை போட அரசுக்கு அதிகாரம் தருகிறது.

அளவு வருவது ஆயுத விதிகளில். 1962 விதிகளுக்குப் பதிலாக வந்த 2016 விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கு உரியது. வாள், தடிக்குள் ஒளிந்த வாள், குத்துவாள், துப்பாக்கி முனைக் கத்தி, ஈட்டி என்று பட்டியல் போகிறது. கத்திக்கு வரும்போது அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று கோடு போடுகிறது. வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை ஆகிய வேலைகளுக்கென்று செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு.

என் மேஜை ஓரத்தில் ஒரு எஃகு ஸ்கேல் எப்போதும் கிடக்கும். கேள்வி கேட்கிறவர் எதிரிலேயே அலகைப் பிடியிலிருந்து முனைவரை வைத்துக் காட்டுவேன். 9 அங்குலம் என்பது 22.86 சென்டிமீட்டர். சட்டைப் பையில் மடங்கும் எந்தக் கத்தியும் இதில் பாதியைக்கூட எட்டாது. கடைகளில் கிடைக்கும் சுவிஸ் கத்தியோ லெதர்மேன் மல்டிடூலோ இந்த அட்டவணைக்குள் வர வாய்ப்பே இல்லை. மறுபுறம் கறிக்கடைக்காரரின் வெட்டுக்கத்தி 3 அங்குல அகலம் இருக்கும். அளவு மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். ஆனால் அது தொழிலுக்கென்று செய்தது, அதனால் தப்பிக்கிறது. அளவை நோக்கத்தோடு சேர்த்துப் படித்தால்தான் சட்டம் புரியும்.

வேறு ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊர் விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லி நிர்வாகம் 1980 அக்டோபரில் தனியாக ஒரு அறிவிக்கை போட்டது. ஸ்பிரிங், பட்டன், பல்சக்கரம் என ஏதாவது ஒரு இயந்திர அமைப்பால் திறக்கும் அல்லது மூடும் கத்தி, அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் இருந்தால் அந்த அறிவிக்கைக்குள் வரும். உத்தரப் பிரதேசத்து ராம்பூர்க் கத்திகள் சினிமா வழியாக நாடு முழுக்கப் பரவியிருந்த காலம் அது. இந்த அறிவிக்கையின் கீழ் டெல்லியில் எண்ணற்ற வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. 2024-ல் அப்படி ஒரு வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கத்தி விற்பனைக்காக வைத்திருந்தது என்று குற்றப்பத்திரிகையில் எங்கும் இல்லை, அதனால் விற்பனையைக் குறிக்கும் இந்த அறிவிக்கை பொருந்தாது என்பது காரணம். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் ஒரு பட்டன் கத்திக்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் பையன்களிடம் அழுத்திச் சொல்வேன்.

லண்டனில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டார் இங்கே நிறையப் பேர். அவர்களுக்குச் சொல்வது இது: பிரிட்டனின் 1988-ஆம் வருஷச் சட்டப்படி, மூன்று அங்குலத்துக்கு மிகாத, லாக் விழாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். லாக் விழுந்தாலோ நீளம் கூடினாலோ தகுந்த காரணம் காட்ட வேண்டும். அங்கேயும் மூன்று அங்குலம், டெல்லியின் 7.62 சென்டிமீட்டரும் அதே மூன்று அங்குலம். ஆகவே என் கடையில் சொல்லும் யோசனை எளிது: மூன்று அங்குலத்துக்குள், ஒரு பக்கக் கூர், நகத்தால் திறப்பது, ஸ்பிரிங் இல்லாதது. இப்படி ஒரு கத்தி எந்த ஊரிலும் கருவியாகத்தான் தெரியும்.

எதைத் தொட மாட்டேன்

முதுகுப் பக்கமும் கூர் போட்டுத் தரச் சொல்லி வருவார்கள். போட மாட்டேன். ஒரு பக்கக் கூர் உள்ள மடக்குக் கத்தி பழம் நறுக்கும், கயிறு அறுக்கும், பார்சல் பிரிக்கும். முதுகிலும் கூர் ஏறினால் கட்டைவிரலை ஊன்றி அழுத்த இடமில்லை. குத்துவதற்குத்தான் அது உதவும். சட்டம் சொல்லும் "மாற்றியமைத்த" பொருளாக அதை ஆக்கினவன் நானாகிவிடுவேன். பட்டன் கத்தியின் ஸ்பிரிங் உடைந்து வந்தால் பழுது பார்க்க மாட்டேன். தடிக்குள் ஒளிந்த அலகு, பெல்ட் பக்கிளுக்குள் ஒளிந்த அலகு எதுவும் வேண்டாம். கருவியை ஒளித்து வைக்க யாருக்கும் அவசியம் வராது.

இந்த ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: லாங்கு. கன்னட சினிமாவில் ஹீரோ கையில் ஏறி, பிறகு ரவுடிகள் கையிலிருந்து பையன்களின் போன் ஸ்டேட்டஸ் வரை வந்த நீளமான வெட்டரிவாள். பட்டறையில் அடித்து, கூர் போட மட்டும் யாராவது எடுத்து வருவார்கள். தென்னந்தோப்பு இருக்கிறது என்பார்கள். தோப்பில் வேலை செய்த அரிவாளில் பால் கறை படிந்திருக்கும், பிடி தேய்ந்திருக்கும், கூர் நடுவில் மட்டும் மழுங்கியிருக்கும். புதுப் பெயின்ட் மணக்கும் இரண்டரை அடி இரும்பில் அது எதுவும் இருக்காது. அதைக் கையால் தொடாமல் அனுப்பிவிடுவேன்.

சம்பிரதாய ஆயுதங்களின் கதை வேறு. குடகர்கள் இடுப்பில் செருகும் பீச்சே கத்தி, வசந்த் நகர் கொடவ சமாஜக் கல்யாணங்களுக்கு முன்னால் பாலிஷுக்கு வரும். வெள்ளி வேலைப்பாடு கெடாமல் துடைத்துத் தருவது பொறுமையான வேலை. குடகு இனத்தவருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் ஆயுத உரிமத்தில் நெடுங்காலமாக விலக்கு இருக்கிறது. மத்திய அரசு 2019-ல் அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் அது செல்லும் என்றது. சீக்கியர்கள் கிர்பான் அணிவது அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்ட உரிமை. அல்சூர் குருத்வாராவுக்குப் போகிறவர் இடுப்பில் அதைப் பார்த்துவிட்டு, அவர் வைக்கலாம், நான் ஏன் வைக்கக் கூடாது என்று கேட்கிறவர்கள் உண்டு. அவருக்கு அது விசுவாசத்தின் அங்கம். மற்றவர்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

இடமும் நேரமும்

பையில் இருப்பது முற்றிலும் சட்டத்துக்கு உட்பட்ட கத்தியாக இருந்தாலும், சில நாட்களில் சில இடங்களில் அது தவறாகிவிடும். 1963-ஆம் வருஷக் கர்நாடகப் போலீஸ் சட்டப்படி, கத்தி, தடி முதலானவற்றைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைக் கமிஷனர் தடை செய்யலாம். முன்பு 144 என்று நாம் சொன்ன தடை உத்தரவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவாக வருகிறது. தேர்தல், பெரிய ஊர்வலம், பதற்றம் என்று எதற்கும் இந்த உத்தரவு வரலாம். எங்கள் பேட்டைக்கு அது ஏட்டில் படித்த விஷயம் இல்லை. 2020 ஆகஸ்ட் 11 இரவு பக்கத்திலேயே டி.ஜே. ஹள்ளியிலும் கே.ஜி. ஹள்ளியிலும் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த நாட்களில் வெட்டுக்கத்தி கொடுத்திருந்த வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்து, நிலைமை சரியாகும் வரை எடுத்துப் போக வர வேண்டாம், என் கடையிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று சொன்னேன். எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

பக்ரீத் சமயத்தில் கத்தி வாங்கிப் போகிறவர்களுக்கு நான் செய்து கொடுக்கும் முறை ஒன்று உண்டு. கெட்டி அட்டையை இரண்டாக மடித்து அலகைச் செருகி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பையின் அடியில் படுக்கவைப்பேன். மேலே ரசீது. அது வழியில் யார் கையையும் கிழிக்காது, யாரையும் பயமுறுத்தாது, கேட்டால் காட்டக் காகிதமும் இருக்கும். தொழிலாளிகளுக்கும் இதையே சொல்வேன். இரவு ரோந்தில் ஒரு கேபிள் பையனை நிறுத்தியிருக்கிறார்கள். பையில் மல்டிடூல், கூடவே கிரிம்பர், ஒயர்ச் சுருள், டேப், போனில் அன்றைய வேலை விவரம். இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். அவன் தெருக்காரன் ஒருவன் அதைவிடச் சின்னக் கத்தியைச் சாக்ஸுக்குள் செருகியிருந்தான். விடியும் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அளவு சின்னது, ஆனால் இருந்த இடம் அவனுக்காகப் பேச மறுத்துவிட்டது.

விமானத்தில் கைப்பையில் கத்தியும் கத்தி உள்ள மல்டிடூலும் கூடாது. செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியை மறந்து தேவனஹள்ளி விமான நிலையத்தில் விட்டு வந்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே பலர். உள்நாட்டு விமானத்தில் கிர்பானுக்கு மட்டும், அலகு 15.24 சென்டிமீட்டர், மொத்தம் 22.86 சென்டிமீட்டர் என்ற வரம்போடு அனுமதி உண்டு. நம்ம மெட்ரோவில் பை ஸ்கேனருக்குள் போகும். கோர்ட், பள்ளி, தேர்வு மையம், வாக்குச்சாவடி ஆகிய இடங்களுக்குக் கத்தியை எடுத்துப் போக எந்த நியாயமும் இல்லை.

எதை வைத்துக்கொள்ளலாம்

சுவிட்சர்லாந்தில் 1884-ல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்கு மடக்குக் கத்தி கொடுத்தார். 1897-ல் நாம் இன்று பார்க்கும் வகைக் கத்திக்கு உரிமை பதிந்தார். சிப்பாய் தன் துப்பாக்கியைக் கழற்றவும் டப்பா திறக்கவும் என்று செய்தது முதலில் சொன்ன ராணுவக் கத்தி. அமெரிக்கர் டிம் லெதர்மேன் 1975-ல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, பழுது பார்க்க இடுக்கியும் உள்ள கத்தி இல்லையே என்று யோசித்தார். 1983-ல் அவருடைய மல்டிடூல் விற்பனைக்கு வந்தது. இரண்டுமே வேலையிலிருந்து பிறந்தவை, அதனால்தான் உலகம் முழுக்கப் போலீஸ்காரர்களுக்கும் அவற்றைப் பார்த்தால் பழக்கப்பட்ட பொருளாகத் தெரிகிறது.

தினமும் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று கேட்டால், பிளேடு, ஸ்க்ரூடிரைவர், கத்தரிக்கோல், டப்பா திறப்பான் உள்ள சின்ன மடக்குக் கத்தி போதும் என்பேன். எலக்ட்ரீசியனுக்கும் மெக்கானிக்குக்கும் இடுக்கி உள்ள மல்டிடூல். பயணம் அதிகம் என்றால் கத்தியே இல்லாத மல்டிடூலும் கிடைக்கிறது. வாங்கினால் மாதம் ஒருமுறை சுடுதண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்; மாம்பழச் சாறு காய்ந்த கீல்தான் பழுதுக்கு வருவதில் பெரும்பாதி.

பாதுகாப்புக்காகக் கத்தி வேண்டும் என்று வரும் பிள்ளைகளிடம் நான் உட்கார்ந்து பேசுவேன், பெண் பிள்ளைகளிடமும்தான். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்காகக் கத்தியோடு திரிய அது அனுமதி தரவில்லை. தற்காப்புக்கு என்று நீங்களே சொன்ன மறுநிமிஷம், உங்கள் பழக்கத்தியைத் தாக்கவோ தற்காக்கவோ வைத்திருந்த பொருளாக நீங்களே மாற்றிவிடுகிறீர்கள். புதிய தண்டனைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவில், ஆபத்தான கருவியால் காயம் விளைவித்தால் மூன்று வருஷம் வரையும், கொடுங்காயம் என்றால் ஆயுள் வரையும் சிறை உண்டு. இவற்றைவிட முக்கியமானது ஒன்று: லாக் இல்லாத சின்னக் கத்தி குத்தும்போது மடங்கி உங்கள் விரலைத்தான் அறுக்கும். அப்படி அறுபட்ட விரல்களைக் கட்டிவிட்டவன் நான். ஓடுவதும் கத்துவதும் 112-க்குப் போன் செய்வதும் எந்தக் கத்தியையும்விட உங்களைக் காக்கும்.

பெங்களூர் போலீசாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டெல்லியில் அளவோடு அறிவிக்கை இருப்பதுபோல், இங்கேயும் எந்தக் கருவியை எப்படி எடுத்துச் செல்லலாம் என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒட்டுங்கள். கேபிள் பையனும் கறிக்கடைக்காரரும் தச்சரும் அதைப் படித்து நிம்மதியாக வேலைக்குப் போவார்கள். ரோந்தில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கும் யூகிக்க வேண்டிய சுமை குறையும்.

வாசகர்களுக்கு என் தீர்ப்பு இது. மூன்று அங்குலத்துக்குள், ஒரு பக்கக் கூர், ஸ்பிரிங் இல்லாத மடக்குக் கத்தியோ மல்டிடூலோ ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைப் பையில், மற்றக் கருவிகளோடு, மடித்து வையுங்கள். தடை உத்தரவு நாளில் வீட்டில் விட்டுவிடுங்கள். யாராவது எதற்கு இது என்று கேட்டால் தயங்காமல் சொல்ல ஒரு வேலை உங்களிடம் இருக்க வேண்டும். சொல்ல வேலை இல்லாத கத்தியை வாங்காதீர்கள்.